மூக்குக் கண்ணாடி இன்றிக் கன உருவம் காண வழி சொன்ன காப்ரியல் லிப்மன்

பழைய சிவப்பு நிற 20 ரூபாய் நோட்டு ஒன்று கையில் இருந்தால் அதன் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். தென்னை மரங்கள், கடல், கலங்கரை விளக்கம், மலை. நம் அந்தமான் காட்சிதான் அது. மவுண்ட் ஹாரியட் பக்கத்துக் கரை. இன்று அந்த மலைக்கு மவுண்ட் மணிப்பூர் என்று பெயர்; போர்ட் பிளேரும் 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் ஆகிவிட்டது. பெயர்கள் மாறினாலும் காட்சி மாறவில்லை.

அந்தக் காட்சியை நேரில் பார்த்தவர்களுக்கு ஒரு வேறுபாடு தெரியும். நேரில் நிற்கும்போது தலையைச் சற்று நகர்த்தினால் போதும். முன்னால் நிற்கும் தென்னை பின்னால் இருப்பதை மறைக்கும். தலையைத் திருப்பிக் கொண்டுவந்தால் விலகி வழி விடும். எது அருகே, எது தொலைவில் என்று யாரும் சொல்லாமலே கண் அறிந்துகொள்ளும். நோட்டில் அது நடக்காது. எப்படித் திருப்பினாலும் தென்னையும் விளக்கமும் ஒரே தாளில் ஒட்டிக் கிடக்கும்.

ஜன்னல் வழியே பார்ப்பது போலப் படத்தையும் ஏன் பார்க்க முடியாது? முகத்தில் எதையும் மாட்டிக்கொள்ளாமல், நின்ற இடத்திலிருந்து நகர்ந்து நகர்ந்து பார்க்கும்படி ஒரு படத்தை ஏன் எடுக்க முடியாது? இந்தக் கேள்வியை எழுப்பி, அதற்கு வழியும் சொன்னவர் ஒருவர் உண்டு. நோபல் பரிசு பெற்ற பிரெஞ்சு விஞ்ஞானி காப்ரியல் லிப்மன். அவர் வழி சொன்னது 1908-ம் ஆண்டில்.

பரீட்சையில் தோற்றவர்

லிப்மன் 1845-ம் ஆண்டு ஆகஸ்ட் 16-ந் தேதி லக்ஸம்பர்க் நாட்டில் பிறந்தார். பெற்றோர் பிரெஞ்சுக்காரர்கள். தந்தை கையுறை தயாரிக்கும் தொழில் நடத்தி வந்தார். குழந்தைக்கு மூன்று வயதாகும்போது குடும்பம் பாரிஸ் நகருக்குக் குடியேறியது. தொடக்கக் கல்வி வீட்டிலேயே தாயாரிடம். பதின்மூன்றாம் வயதில்தான் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தார்.

1868-ல் பாரிஸின் புகழ்பெற்ற உயர் ஆசிரியர் கல்லூரியில் இடம் கிடைத்தது. அங்கே அவர் முதல் மாணவராக விளங்கினார் என்று எழுதத்தான் ஆசை. உண்மை வேறு. மனத்துக்குப் பிடித்த பாடத்தில் மூழ்கிக் கிடப்பார். பிடிக்காததைத் தொடவே மாட்டார். விளைவு, ஆசிரியர் தகுதிப் பரீட்சையில் தோல்வி. பின்னாளில் உலகமே மதித்த பேராசிரியர், பள்ளி ஆசிரியராகும் தகுதியைப் பெறவில்லை!

ஆனால் சோதனைச் சாலையில் அவர் கைத்திறனை அறிந்தவர்கள் இருந்தார்கள். 1873-ல் அரசாங்கமே அவரை ஜெர்மனிக்கு அனுப்பிவைத்தது. மின்சார விதிகளால் நம் கல்லூரி மாணவர்களுக்கும் அறிமுகமான கிர்க்காஃபிடமும், கண்ணின் இயக்கத்தை ஆராய்ந்து பெரும் நூல் எழுதிய ஹெல்ம்ஹோல்ட்ஸிடமும் வேலை செய்யும் வாய்ப்பு அவருக்குக் கிட்டியது.

துடித்த பாதரசம்

ஹைடல்பர்க் நகரில் உடலியல் பேராசிரியர் கூனே ஒரு வேடிக்கையை அவருக்குக் காட்டினார். ஒரு துளிப் பாதரசத்தின் மேல் நீர்த்த கந்தக அமிலத்தை ஊற்றி, இரும்புக் கம்பியால் தொட்டால் துளி சுருங்கும். கம்பியை எடுத்தால் பழைய உருவுக்கு வரும். இருதயம் துடிப்பது போலவே இருக்கும்.

பலர் பார்த்து ரசித்துவிட்டுப் போன வேடிக்கை அது. லிப்மன் அதில் ஒரு கருவியைக் கண்டார். துளி சுருங்குவது மின்சாரத்தால் என்றால், எவ்வளவு சுருங்குகிறது என்று பார்த்து மின்சாரத்தை அளந்துவிடலாமே! இப்படிப் பிறந்ததுதான் நுண்குழாய் மின்மானி. 1887-ல் லண்டனில் வாலர் என்ற மருத்துவ ஆராய்ச்சியாளர் மனித இருதயத்தின் மின் துடிப்பை முதன்முதலாக உடலுக்கு வெளியிலிருந்து பதிவு செய்தது இந்த வகைக் கருவியைக் கொண்டுதான். இன்று ஆஸ்பத்திரியில் எடுக்கும் ஈ.சி.ஜி.யின் கதை அந்தப் பாதரசத் துளியில் தொடங்குகிறது.

1875-ல் டாக்டர் பட்டம் பெற்றார். 1883-ல் பாரிஸில் பேராசிரியர் ஆனார். 1886-ல் ஸார்போன் பல்கலைக்கழகத்தில் சோதனை இயற்பியல் பேராசிரியராகப் பொறுப்பேற்று, ஆராய்ச்சிச் சாலையின் தலைவரானார். போலந்து நாட்டிலிருந்து கையில் காசில்லாமல் படிக்க வந்த ஒரு மாணவிக்கு அந்தச் சாலையில் இடம் தந்தார். மேரி கியூரிதான் அந்த மாணவி. கதிரியக்கம் பற்றிய அம்மையாரின் முதல் கட்டுரையை, 1898 ஏப்ரலில் அவர் சார்பில் பிரெஞ்சு விஞ்ஞான அகாடமியில் சமர்ப்பித்தவரும் லிப்மனே.

சிப்பியில் மின்னும் நிறம்

லிப்மனுக்குப் பெரும்புகழ் தேடித்தந்தது வண்ணப் புகைப்படம். அந்தமான் கடைகளில் விற்கும் மெருகேற்றிய சிப்பியைக் கையில் எடுத்துத் திருப்பினால், உட்புறத்தில் பச்சையும் ஊதாவும் மின்னும். அது சாயத்தால் வந்த நிறம் அல்ல. மெல்லிய அடுக்குகளில் ஒளி பட்டுத் திரும்பும்போது ஒளி அலைகள் ஒன்றோடொன்று கலப்பதால் தோன்றும் நிறம்.

இதே தத்துவத்தை லிப்மன் புகைப்படத் தகட்டுக்குள் கொண்டுவந்தார். தகட்டின் பின்னால் பாதரசத்தை நிறுத்தினார். உள்ளே சென்ற ஒளி பாதரசத்தில் பட்டுத் திரும்பி, வரும் ஒளியோடு மோதி, தகட்டுக்குள்ளேயே நுண்ணிய வெள்ளி அடுக்குகளை உண்டாக்கியது. கழுவி உலர்த்திய தகட்டின் மேல் வெள்ளை ஒளி பட்டதும், முன்பு விழுந்த அதே நிறம் திரும்பி வந்தது. 1891 பிப்ரவரியில் இதை அறிவித்தார். அடுத்த ஆண்டில் கிளி, ஆரஞ்சுப் பழங்கள், வண்ணக் கண்ணாடி ஜன்னல் ஆகியவற்றின் படங்களைக் காட்டி அகாடமியை வியக்க வைத்தார். 1908-ம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசு இந்தச் சாதனைக்கே.

ஆனால் ஒரு குறை இருந்தது. அந்தப் படத்தைச் சரியான கோணத்தில், சரியான ஒளியில் பிடித்தால்தான் நிறம் தெரியும். சற்றுச் சாய்ந்தால் நிறம் மாறும், அல்லது மறைந்துபோகும். படம் எடுக்கவும் நேரம் பிடித்தது. நகல் எடுக்கவும் இயலவில்லை. 1907-ல் லூமியேர் சகோதரர்கள் எளிய வண்ணத் தகடுகளைக் கடைக்குக் கொண்டுவந்ததும் ஜனங்கள் அதன் பக்கம் போய்விட்டார்கள். தத்துவம் எவ்வளவு உயர்ந்ததானாலும், பார்ப்பவருக்கு வசதி இல்லையென்றால் அது கண்காட்சிப் பொருளாகவே நின்றுவிடும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டியதில்லை.

இரண்டு கண்களின் கணக்கு

கன உருவம் நமக்கு எப்படித் தெரிகிறது? ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கையை நீட்டிப் பேனாவுக்கு மூடியைப் போடுங்கள். முதல் முயற்சியில் தவறக்கூடும். இரண்டு கண்ணையும் திறந்தால் எளிதாக முடியும். இரு கண்களும் சில அங்குலம் தள்ளி இருப்பதால், ஒவ்வொன்றும் சற்று வேறான படத்தைக் காண்கிறது. அந்த வேற்றுமையிலிருந்து மூளை ஆழத்தைக் கணக்கிடுகிறது.

1838-ல் இங்கிலாந்தின் வீட்ஸ்டன் இதை நிரூபித்துக் காட்டினார். இரண்டு படங்களை வரைந்து, கண்ணுக்கு ஒன்றாகக் கண்ணாடிகள் மூலம் காட்டினார். தட்டைக் கோடுகள் கன உருவமாக எழுந்து நின்றன. அதன் பின் வந்த ஸ்டீரியோஸ்கோப் பெட்டிகளுக்கும், 1984-ல் மலையாளத்தில் வெளிவந்து நாமெல்லாம் கண்ணாடி மாட்டிக்கொண்டு பார்த்த ‘மை டியர் குட்டிச்சாத்தான்’ படத்துக்கும் அடிப்படை ஒன்றே. வலக்கண்ணுக்கு ஒரு படம், இடக்கண்ணுக்கு ஒரு படம்.

கண்ணாடி இல்லாமல் இதைச் செய்ய முயன்றவர்களும் இருந்தார்கள். அமெரிக்காவின் பிரெடரிக் ஐவ்ஸ், படத்தின் முன்னே மெல்லிய கம்பித் தடுப்பு போன்ற கோடுகளை வைத்து 1903-ல் காப்புரிமை பெற்றார். கோடுகளின் இடைவெளி வழியே ஒவ்வொரு கண்ணுக்கும் அதற்குரிய படம் மட்டும் தெரியும். ஆனால் பார்ப்பவர் குறித்த இடத்தில், குறித்த தூரத்தில் நின்றாக வேண்டும். நகர்ந்தால் காட்சி கெட்டுவிடும். முகத்துக் கண்ணாடி போயிற்று. அதற்குப் பதில் காலில் விலங்கு வந்தது.

ஈயின் கண்

1908 மார்ச் 2-ந் தேதி லிப்மன் அகாடமியில் தம் யோசனையை வைத்தார். முழுமைப் புகைப்படம் என்று அதற்குப் பெயர் கொடுத்தார். ஈயின் கண் ஒற்றைக் கண் அல்ல; ஆயிரக்கணக்கான சிறு கண்கள் சேர்ந்தது. அதுபோலப் புகைப்படத் தகட்டின் மேல் மிகச் சிறிய உருண்டை லென்சுகளை நெருக்கமாகப் பதிக்க வேண்டும். ஒவ்வொரு லென்சும் தான் இருக்கும் இடத்திலிருந்து காட்சியைப் பார்த்து, தன் பின்னால் ஒரு சின்னஞ்சிறு படத்தைப் பதிவு செய்யும். பக்கத்து லென்ஸின் படம் மயிரிழை வேறுபடும்.

பிறகு அதே லென்சுகள் வழியாகப் பார்த்தால், ஒளி வந்த வழியே திரும்பிச் செல்லும். வலக்கண் ஒரு தொகுதிப் புள்ளிகளையும், இடக்கண் வேறு தொகுதியையும் காணும். தலையை நகர்த்தினால் மற்றொரு தொகுதி. இடம் வலம் மட்டுமல்ல, மேலும் கீழும் நகரலாம். ஒருவர் அல்ல, பலர் நின்று அவரவர் இடத்திலிருந்து பார்க்கலாம். நம் 20 ரூபாய்க் காட்சியை இப்படி எடுத்திருந்தால், தென்னைக்குப் பின்னால் எட்டிப் பார்க்கலாம்!

யோசனை முழுமையானது. கைவேலைதான் எட்டவில்லை. அத்தனை சிறிய லென்சுகளை அத்தனை துல்லியமாக அடுக்கித் தரும் தொழில்நுட்பம் அன்று இல்லை. 1911-ல் ருஷ்யப் பேராசிரியர் சொகோலவ், லென்சுக்குப் பதிலாக நுண் துளைகள் இட்ட தகட்டை வைத்து, தத்துவம் சரியே என்று காட்டினார். வேறொரு சிக்கலும் உண்டு. இம்முறையில் நேரடியாகக் கிடைக்கும் படத்தில் ஆழம் தலைகீழாகத் தோன்றும். முன்னே நீண்ட மூக்கு, முகமூடியின் உட்புறம் போலக் குழிந்து தெரியும். படத்தை மறுபடியும் ஒருமுறை படமெடுத்தால் இது சரியாகும் என்று 1930-களின் தொடக்கத்தில் விளக்கியவர் ஹெர்பர்ட் ஐவ்ஸ். மேலே சொன்ன பிரெடரிக் ஐவ்ஸின் மகன்!

கடலில் முடிந்த வாழ்வு

லிப்மன் 1912-ல் அகாடமியின் தலைவரானார். புகழுக்குக் குறைவில்லை. ஆனால் முழுமைப் புகைப்படம் அவர் விரும்பிய வடிவில் அவர் கைக்கு வரவேயில்லை. முதல் உலகப் போர் வந்து போயிற்று. 1921-ல் பிரெஞ்சுத் தூதுக் குழுவினருடன் வட அமெரிக்கா சென்றார். கனடாவிலிருந்து திரும்பும் வழியில், பிரான்ஸ் என்ற பெயருடைய கப்பலில் ஜூலை 13-ந் தேதி காலமானார். 76 வயது நிறைய ஒரு மாதமே இருந்தது.

சென்னையிலிருந்து மூன்று நாள் கப்பலில் வந்த அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. கப்பல் துறைமுகத்தை நெருங்கும்போது அருகிலுள்ள தீவு வேகமாக நகரும். தொலைவிலுள்ள மலை மெல்ல நகரும். அந்த நகர்வே தூரத்தைச் சொல்லிவிடும். அதே நகர்வைத் தகட்டில் பிடித்துவைக்க வழி தேடியவர் கடல் நடுவே கண் மூடினார்.

பார்ப்பவர் தீர்ப்பு

அவர் விதைத்த விதை வீண்போகவில்லை. சாமி படமோ நடிகர் படமோ பதித்த, திருப்பினால் கண் சிமிட்டும் பிளாஸ்டிக் அட்டைகளைக் கடைகளில் பார்த்திருப்பீர்கள். நகத்தால் சுரண்டினால் வரி வரியாக நெருடும். ஒவ்வொரு வரியும் ஒரு நீள லென்ஸ். லிப்மனின் உருண்டை லென்சுக்கு அது எளிய தம்பி. 2011-ல் ஜப்பானின் நின்டென்டோ கம்பெனி, கண்ணாடி இல்லாமல் கன உருவம் காட்டும் கையடக்க விளையாட்டுக் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. தடுப்புக் கோட்டு முறையே அதில் பயன்பட்டது. ஜப்பான் ஒலிபரப்பு நிறுவனமான என்.எச்.கே. லிப்மனின் முறையையே பின்பற்றி முப்பரிமாணத் தொலைக்காட்சிக்கான ஆராய்ச்சி நடத்தி வருகிறது.

ஆனால் இத்திரைகள் நன்றாக இருக்கின்றனவா என்று முடிவு செய்வது யார்? ஒளியின் அளவைக் கருவி அளந்துவிடும். தலை வலிக்கிறதா என்பதை மனிதர்தான் சொல்ல வேண்டும். ஆகவே விஞ்ஞானிகள் மனிதர்களையே உட்கார வைத்துச் சோதிக்கிறார்கள். முதலில் அவர்கள் பார்வை பரிசோதிக்கப்படும். சிறு வயதில் மாறுகண் போன்ற குறை இருந்தவர்களில் சிலருக்கு இரு கண்ணும் சேர்ந்து ஆழம் காணும் ஆற்றல் இராது. இதை அறிய, 1960-ல் பேலா யூலெஸ் என்பவர் வெளியிட்ட புள்ளிப் படங்கள் உதவுகின்றன. ஒரு கண்ணால் பார்த்தால் வெறும் புள்ளிகள். இரு கண்ணால் பார்த்தால் உள்ளே ஓர் உருவம் எழும். ஊகித்துச் சொல்லி ஏமாற்ற முடியாது.

அதன்பின் ஒளி அளவு குறிக்கப்பட்ட அறையில் படங்களைக் காட்டி மதிப்பெண் கேட்பார்கள். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2012-ல் முப்பரிமாணத் தொலைக்காட்சிக்கு வகுத்த முறையில் மூன்று கேள்விகள் முக்கியம். படம் தெளிவாக உள்ளதா? ஆழம் இயற்கையாகத் தெரிகிறதா? கண்ணுக்குச் சுகமாக இருக்கிறதா? மூன்றையும் தனித்தனியே கேட்பதில் காரணம் உண்டு. ஆழம் பிரமாதமாகத் தெரியும் படமே கண்ணைக் கசக்க வைப்பதும் உண்டு.

ஏன் அப்படி? நேரில் ஒரு பொருளைப் பார்க்கும்போது, இரு கண்களும் அதன் பக்கம் திரும்புகின்றன. கண்ணின் லென்சும் அதே தூரத்துக்குத் தன்னைச் சரிசெய்து கொள்கிறது. இரண்டும் ஜோடி மாடுகள் போல ஒன்றாகவே போகும். முப்பரிமாணத் திரையிலோ, கண்கள் திரைக்கு முன்னே தோன்றும் பொருளை நோக்கித் திரும்பும். கண்ணின் லென்ஸ் திரையின் தூரத்திலேயே நிற்க வேண்டும். ஒரு மாடு முன்னே இழுக்க, மற்றது நின்ற இடத்திலேயே நின்றால் வண்டி என்ன ஆகும்? கண் சோர்வும் தலைவலியும் இதனால்தான். நின்டென்டோ கம்பெனியே ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் கன உருவக் காட்சி வேண்டாம் என்று எச்சரித்தது. ஆழத்தைக் குறைக்கவும் நிறுத்தவும் கருவியில் ஒரு விசையும் வைத்தது. அக்கருவியின் உற்பத்தி 2020-ல் நின்றது. மூக்குக் கண்ணாடி மாட்டிப் பார்க்கும் தொலைக்காட்சிகளைப் பெரிய கம்பெனிகள் 2017-ம் ஆண்டு வாக்கில் கைவிட்டிருந்தன.

கண்ணாடி வேண்டாத திரைகளுக்குக் கூடுதலாக ஒரு சோதனையும் உண்டு. நடுவில் உட்கார்ந்தவருக்கு அழகாகத் தெரிவது, ஓரத்தில் உட்கார்ந்தவருக்கு இரட்டையாகத் தெரியலாம். ஆழம் தலைகீழாகவும் தெரியலாம். அதோடு, பல கோணங்களுக்கான படங்களை ஒரே திரையில் பங்கிடுவதால் ஒவ்வொன்றின் தெளிவும் குறையும். ஒரு சோற்றுப் பானையை எட்டுப் பேருக்குப் பங்கிடுவது போல. ஆகவே ஒரே இடத்திலிருந்து பார்த்துச் சொல்லும் தீர்ப்பு பாதித் தீர்ப்பே.

இத்தகைய திரையை நாளை கடையில் பார்க்க நேர்ந்தால், விற்பவர் காட்டும் இடத்தில் மட்டும் நிற்காதீர்கள். இடப்பக்கம் இரண்டடி, வலப்பக்கம் இரண்டடி தள்ளி நின்று பாருங்கள். குழந்தையின் உயரத்துக்குக் குனிந்து பாருங்கள். ஐந்து நிமிட வியப்பை நம்பாமல் அரை மணி நேரம் பாருங்கள். கண் உறுத்தினால் வேண்டாம் என்று சொல்லத் தயங்காதீர்கள். தொலைக்காட்சிப் படத்தின் தரத்தை மதிப்பிடப் பல காலமாக ஆராய்ச்சிச் சாலைகள் நாடியதும், துறையோடு சம்பந்தமில்லாத சாதாரண மனிதர்களின் கண்களைத்தான்.

லிப்மன் மறைந்து 100 ஆண்டுகள் கடந்துவிட்டன. நோபல் பரிசு வாங்கித் தந்த அவருடைய வண்ணப் படங்கள் இன்று அருங்காட்சியகப் பெட்டிகளில் இருக்கின்றன. அவர் கையில் நிறைவேறாமல் போன யோசனையைத்தான் விஞ்ஞானிகள் இன்றும் துரத்திக்கொண்டிருக்கிறார்கள். பார்ப்பவரை ஓரிடத்தில் கட்டிப்போடாமல் அவர் விருப்பம்போல் நகரவிடும் படம்தான் முழுமையான படம் என்பதே அந்த யோசனையின் சாரம். அடுத்த முறை பழைய 20 ரூபாய் நோட்டு கைக்கு வரும்போது, செலவழிப்பதற்கு முன் ஒரு நிமிஷம் அந்தத் தென்னைக்குப் பின்னால் எட்டிப் பார்க்க முயன்று பாருங்கள். லிப்மன் எதைத் தேடினார் என்பது விளங்கிவிடும்.